இது ஆருக்கு?

அவர் எனக்கு ஒரு நாளும் அடிபட்ட வாழைப்பழம் தந்ததில்லை. பாராட்டாகச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதி அனுப்பிய மிக மோசமான அறிக்கைக்குக் காரணமே அந்தக் குணம்தான்.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், "என்னத்துக்கு மிஸ் என்ட பேரப் போட்டு, வேற நல்ல ஆக்கள் ஊருல இல்லயா" என்று கேட்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் ராத்தா, மூத்த சகோதரி. எனக்கும் அப்படியே. நாற்பதைக் கடந்த, உயரமான, வேகமாக நடக்கிற பெண். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைப் பக்கம் திரும்பும் வழியில் ஒரு கல்வாடி வைத்திருந்தார். கல்வாடி என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டில், ஒரு கலவை இயந்திரம், இரண்டு அச்சு, மூன்று வேலையாட்கள், வெயிலில் வரிசையாகக் காயும் சீமெந்துக் கற்கள், அவ்வளவுதான். கணவர் தொடங்கிய வாடி. அவர் கட்டாருக்கு லொறி ஓட்டப் போன பிறகு இவர் கைக்கு வந்தது. விடுமுறையில் வந்த மனிதர் இரண்டு நாள் வாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் இல்லாததுதான் நல்லம் போல" என்று சொல்லி மறுபடியும் விமானம் ஏறிவிட்டார்.

மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரன் மற்ற வீட்டு வாசல்களில் ஹோன் அடித்துவிட்டு இயந்திரம் ஓட ஓட நிற்பான். ராத்தா வீட்டு வாசலில் மட்டும் அணைத்துவிடுவான். பெட்டியில் உள்ள மீன் முழுவதையும் புரட்டி, செவுளைத் தூக்கி, கண்ணைப் பார்த்துத்தான் ராத்தா எடுப்பார். அப்படிப் பொறுக்கி எடுத்த பாரையின் நடுத்துண்டு பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருப்பவளுக்குப் போகும். மற்றத் துண்டுகள் வாடியில் வேலை செய்பவர்களின் பகல் சோற்றுக்கு. தலையும் வாலும் தன் வீட்டு ஆணத்துக்கு, அதாவது குழம்புக்கு. "குடுக்கிற கையில குறை இரிக்கப்படா" என்பது அவருடைய சொல். ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்லுவார்.

அவர் வீட்டில் ஆறு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. ஒன்றுக்கு விளிம்பில் சில்லுப் பெயர்ந்திருக்கும். அது எப்போதும் அவருக்கு. வீடும் அப்படித்தான். கல்வாடிக்காரியின் வீடென்று எதிர்பார்த்துப் போனால், மூலை உடைந்த கல், வயிறு தள்ளிய கல், வெடித்த கல் எல்லாம் சேர்ந்து ஒரு சுவர். பூச்சுக்கூட அரைவாசிதான்.

"என்ன ராத்தா இது?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கழிச்ச கல்ல ஆருக்கு மிஸ் குடுக்கிற? எறியவும் மனமில்ல. என்னையும் மகளையும் தாங்கினாக் காணும்."

ஒரே மகள். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கரையில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் முதலில் அவளுக்கு வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். குமர், அதாவது கல்யாண வயதில் பெண், இருக்கிற வீடு எது என்று தெரிந்துகொள்ளப் பக்கத்து வளவில் குவிந்திருக்கும் மண்ணையும் கல்லையும் பார்த்தால் போதும். ராத்தா ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பிறகுதான் லொறியில் ஏற்ற விடுவார். ஏன் இவ்வளவு மினக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். "இது ஆரோ ஒரு குமரிட ஊடு மிஸ்" என்றார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு படிவத்தில் இருந்த வெற்றுக் கட்டத்தை நிரப்ப. அப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பிரிவில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், புதுப்பிக்கப்படாமலும் போகலாம். வெளிநாட்டு நிதி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உலகளாவிய சவால் ஒன்றைத் தீர்க்கப் பல்கலைக்கழகமும் தொழில்துறையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அந்த நிதியின் விதி. எங்களிடம் யோசனை இருந்தது. நெல் ஆலைகளின் பின்னால் மலையாகக் குவியும் உமிச் சாம்பலைச் சீமெந்தோடு கலந்து கல் அரியலாம், அதாவது அச்சில் வார்க்கலாம். சீமெந்து குறைந்தால் அதைச் செய்ய எரிக்கிற எரிபொருளும் குறையும், பூமிக்கு ஏறுகிற சூடும் குறையும். ஆலைக்காரர்களுக்கோ சாம்பல் பெரிய தலையிடி. காற்றடித்தால் அயல் வீட்டுக் கொடியில் காய்கிற வெள்ளிக்கிழமைச் சட்டையெல்லாம் கறுத்துப்போகும். அள்ளிக்கொண்டு போங்கள், உங்களுக்காகத் துஆச் செய்கிறோம் என்றார்கள். ஆக யோசனையும் இருந்தது, சாம்பலும் இருந்தது, தொழில்துறைதான் இல்லை.

கொழும்பில் பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினோம். ஒன்றே ஒன்றிலிருந்து பதில் வந்தது. நன்றி என்று மட்டும் இருந்தது. துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தொழில்துறை எண்டு பலகை போட்டிருக்க வேணுமெண்டு எங்கயும் இல்லை. கல் அரியிற ஆள் ஒருத்தரப் பிடிச்சிட்டு வாங்க" என்றார். அப்படித்தான் ஸ்கூட்டியில் போய் ராத்தாவைப் பிடித்தேன்.

படிவம் நிரப்பிய அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

"ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் எண்டு ஒரு எடம் இரிக்கி ராத்தா."

"அவர் என்ன செய்யிற?"

"புதுக் கலவை போட்டுப் பார்ப்பார்."

"அப்ப நான்தான். போடுங்க."

"விற்பனைப் பிரிவு?"

"நான்தான்."

"பாதுகாப்பு அலுவலர்?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் என்ட பேரப் போட்டா வெளிநாட்டுக்காரன் சிரிப்பான். வீரமுனை அண்ணண்ட பேரப் போடுங்க."

வீரமுனை அண்ணன் என்பவர் தினமும் வீரமுனையிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் வேலையாள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரம், வாயில் வெற்றிலை. கலவையில் தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று அதைப் புரட்டும் சவளின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பாதுகாப்பு அலுவலராக நியமனம் பெற்றதை அவரிடம் சொன்னபோது, "சம்பளம் கூடுமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கட்டத்தில் உலகளாவிய சவால் என்று இருந்தது. அங்கே ராத்தா என் பேனாவை நிறுத்தினார்.

"அது என்ன மிஸ்?"

சொன்னேன். சீமெந்து செய்யும்போது வருகிற புகை, அதனால் ஏறுகிற வெப்பம், அதனால் உயர்கிற கடல். வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். அவர் காய்கிற கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இஞ்ச கல்லரிஞ்சா அங்க கடல் ஏறுதா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை ஒரு மாணவனும் கேட்டதில்லை, நிதி தருபவர்களும் கேட்டதில்லை. "ஒரு கல்லுக்கு எவ்வளவு எண்டு கணக்குப் பாத்துச் செல்லுங்க மிஸ்" என்றார். "சின்ன வயசுல நாங்க கிளித்தட்டு விளையாடின எடத்துல இப்ப தோணி கட்டிக் கிடக்கு. என்ட பங்கு எவ்வளவு எண்டு தெரியத்தானே வேணும்." இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொண்டுபோய்ச் சொன்னேன். மிகச் சிறிய எண். "சின்னன்தான்" என்றார். பிறகு, "ஆனா இரிக்கி" என்றார். மறுநாளே முதல் மூட்டை சாம்பல் வாடியில் இறங்கியது.

நிதி கிடைத்தது. கலவை தயாரானதும் நான் சொன்னது இதுதான். ஒரு நாள் முழுக்க அந்தக் கலவையில் கல் அரியுங்கள், பிறகு அதில் பத்துக் கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வையுங்கள், ஆய்வுகூடத்தில் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். ராத்தா தலையை ஆட்டினார். "ஓம் மிஸ், ஓம்."

ஏற்றப் போன அன்று பார்த்தால், பத்துக் கல்லும் ஈரச் சாக்கில் தனித்தனியாகச் சுற்றி, இடையில் வைக்கோல் வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பலகாரம் மாதிரி அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிண்ணம் வட்டிலப்பம். "நல்ல வடிவான கல்லு ராத்தா" என்றேன். "கெம்பஸுக்குப் போற கல்லு மிஸ்" என்றார். அந்த நேரமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் கல்லை லொறியில் ஏற்ற விட்டு, வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு ஸ்கூட்டியில் ஏறினேன்.

இயந்திரம் நசுக்கியது. கற்கள் லேசில் உடையவில்லை. வழக்கமான சீமெந்துக் கல்லைவிடக் கூடுதலான எண் வந்தது. துறைத் தலைவர் இரண்டு தரம் அளவைச் சரிபார்க்கச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது. நான் அறிக்கை எழுதினேன், எழுதும்போது மனம் பறந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் திரையில் தோன்றி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கடற்கரைப் பக்கம் இரண்டு வகுப்பறை கொண்ட பாலர் பாடசாலை ஒன்றை அந்தக் கல்லிலேயே கட்டுவதென்று முடிவாயிற்று. தூண் இல்லை. கூரையைச் சுவரே தாங்கும். கல் முழுவதும் ராத்தாவின் வாடியிலிருந்து. என் ஒப்பந்தமும் இந்தத் தடவை புதுப்பிக்கப்படும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அறிக்கையில் போடப் படம் எடுக்கலாம் என்று ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வாடிக்குப் போனேன். கொட்டிலுக்குப் பின்னால் சாம்பல் கல் அடுக்கியிருந்தது. கைப்பையை வைக்க ஒரு கல்லில் கையூன்றினேன். மூலை பெயர்ந்து கையோடு வந்தது. அடுத்ததைத் தட்டினேன், அதுவும் உதிர்ந்தது.

"ராத்தா, இது எந்தக் கலவை?"

"அதே கலவதான் மிஸ். உங்களுக்குத் தந்த அதே நாள் அரிஞ்சது."

"அப்ப எங்களுக்குத் தந்தது?"

"அது தெரிஞ்செடுத்தது." முகத்தில் பெருமை. "அண்டைக்கு அரிஞ்ச முழுக் கல்லையும் ஒண்டொண்டாத் தட்டிப் பாத்துத்தான் அந்தப் பத்தையும் எடுத்தன். ரெண்டு மணித்தியாலம் போச்சு."

"நான் கண்ண மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னனே!"

"கெம்பஸுக்குக் கண்ண மூடிட்டு எடுத்துக் குடுக்கவா? ஊருல ஆரு என்ன செல்லுவாங்க?"

கோபம் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. "அந்தச் சுவருக்குக் கீழ சின்னப் புள்ளைகள் இரிக்கப் போகுது ராத்தா. நீங்க தந்த பத்துக் கல்லுல கட்டப் போறல்ல, இந்தக் கல்லுலதான் கட்டப் போறாங்க" என்று வேலையாட்களின் முன்னால் கத்திவிட்டேன்.

அவர் அந்தக் கல் அடுக்கின் மேலேயே உட்கார்ந்தார். உதிர்ந்த மூலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் கத்தியது பிழை என்று அந்த நேரமே எனக்குத் தோன்றியது. கொத்தமல்லி வாங்கினால்கூட எப்படி மாதிரி எடுப்பது என்று படித்தவள் நான். அவரிடம் விளங்கப்படுத்தாமல் வாழைப்பழம் தின்றதும் நான்தான்.

"அறிக்க போயிட்டா மிஸ்?"

"போயிட்டு."

"திருப்பி எடுங்க."

"உங்கட கல்லை வேணாமெண்டு சொல்லிருவாங்க ராத்தா. பாலர் பாடசாலை வேலையும் போயிரும்."

"போகட்டும். எடுங்க."

நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கு உடனே மனம் வரவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. பேசாமல் கலவையை மட்டும் திருத்திக்கொள்ளலாமே என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்குப் போனதும் தொலைபேசி அடித்தது. "எழுதிட்டீங்களா?" என்று ராத்தா கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப நான் காத்திரிக்கன்" என்று சொல்லி, வைக்காமலே இருந்தார். அவருடைய மூச்சு காதில் கேட்கக் கேட்க மின்னஞ்சலை எழுதி முடித்தேன். மாதிரி எடுத்த முறை பிழை, முடிவுகளை நம்ப வேண்டாம், பிழை என்னுடையது. மறுநாள் துறைத் தலைவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "திரும்ப எடுங்க. இந்த முறை நீங்களே நிண்டு எடுங்க" என்றார்.

நின்றேன். கல்லுக்கெல்லாம் சோக்கால் இலக்கம் போட்டு, கணினியில் எழுந்தமானமாக, ஒழுங்கு எதுவும் இல்லாமல், எண்கள் எடுத்துக்கொண்டு போனேன். நான் எண்ணை வாசிக்க, வீரமுனை அண்ணன் அந்தக் கல்லைத் தூக்கி வர வேண்டும். அருமையாகத்தான் நடந்தது, ராத்தா இருமும் வரைக்கும். நல்ல கல்லின் எண் வந்தால் பேசாமல் நிற்பார். மோசமான கல்லின் எண் வந்தால் ஒரு சின்ன இருமல். அண்ணன் உடனே பக்கத்துக் கல்லைத் தூக்குவார். மூன்று தரம் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ராத்தா, நீங்க வேணுமெண்டா இருமுறீங்க?"

"இல்ல மிஸ், அல்லாஹ்ட காவல். எனக்கே தெரியாமத்தான் வருது." அவர் முகத்தைப் பார்த்தால் பொய் இல்லை. "குடுக்கிற எண்டா என்ட கண்ணு நல்லதுக்குத்தான் போகுது. நான் என்ன செய்ய?"

அடுத்த கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். வீதியில் யாரோ குர்பானுக்கு அறுக்க மாடு ஒன்றை நடத்திக்கொண்டு போனார்கள். ராத்தா அதைப் பார்த்தார்.

"மிஸ், இறைச்சி பங்கு வெக்கிற மாதிரி வெச்சா என்ன?"

நானும் இதே கரையில் பிறந்தவள்தான். படித்த படிப்பில் அது மறந்துபோயிருந்தது. ஏழு பேர் சேர்ந்து ஒரு மாடு அறுத்தால் இறைச்சியை ஏழு குவியலாக வைப்பார்கள். எவ்வளவு சரியாக வைத்தாலும் ஒன்றில் எலும்பு கூடும், ஒன்றில் கொழுப்புக் கூடும். அதனால் ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலில் கையை வைத்து, "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஏழு பெயரில் ஒன்றைச் சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. எங்கள் வாப்பா இப்படி நின்று தன் பெயருக்கே எலும்புக் குவியலை வாங்கிய கதையை உம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

"கண்ணு பாத்தா கை கோணும்" என்றார் ராத்தா. "அதுக்குத்தான் முதுகு."

அவரே போய்க் கொட்டிலின் தகரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டார். இரண்டே பெயர், கெம்பஸ் அல்லது வாடி. கெம்பஸுக்குப் பத்துக் கல் சேர்ந்ததும் நிறுத்துவதென்று பேச்சு. அண்ணனை நான் நம்பவில்லை. அதனால் நானே ஒரு தடியை எடுத்துக் கல்லில் வைத்துக் கேட்டேன்.

"இது ஆருக்கு?"

"வாடிக்கு."

"இது ஆருக்கு?"

"வாடிக்கு."

"இது ஆருக்கு?"

கொஞ்சம் தாமதித்து, "கெம்பஸுக்கு."

எனக்கு எல்லாக் கல்லும் ஒரே சாம்பல் நிறம். ஆனால் அந்தக் கல்லைத் தூக்கிய அண்ணனின் உதடு கோணியதைக் கண்டேன். ராத்தா திரும்பாமலே, "எப்பிடிக் கல்லு அண்ணன் அது?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். "கேக்கப்படா அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கல்லைக் கொண்டுபோய் லொறியில் வைத்தார். ராத்தாவின் தோள் ஏறி இறங்கியது. தன் கையிலிருந்து ஒரு குறை வெளியே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் திரும்பவில்லை.

அந்தப் பத்துக் கல்லும் இயந்திரத்தில் அப்பளமாக நொறுங்கின. பாலர் பாடசாலை வேலை நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுப் பேராசிரியர் இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை, கேள்விகள் கேட்டார். மாதிரி எடுத்த முறையை விளக்கினேன். முதலில் சிரித்தார். பிறகு இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அதன்பிறகுதான் வேலை உண்மையில் தொடங்கியது. சாம்பலைச் சலித்தோம், அரைத்தோம், அளவைக் குறைத்தோம். ராத்தா கற்களுக்கு மேலும் சில நாள் தண்ணீர் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் தகரத்தைப் பார்த்து நிற்பார், நான் தடியோடு கேட்பேன். மூன்றாவது கலவை தேறியது. தாராளமாக இல்லை, மட்டுமட்டாக. அறிக்கையில் "போதுமானது" என்று எழுதினேன், அதற்கு மேல் ஒரு சொல் போடவில்லை. பாலர் பாடசாலை பிந்தித்தான் எழுந்தது, ஆனால் எழுந்தது.

"அதுல இறைச்சி எண்டு போட்டீங்களா?" என்று அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார் ராத்தா.

"இல்ல. பாராமல் தெரிவு செய்தல் எண்டு போட்டிரிக்கன்."

"இறைச்சி எண்டே போட்டிரிக்கலாம். ஆருக்கும் வெளங்கும்."

என் ஒப்பந்தம் அந்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்டியில் ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டேன். ராத்தா பெருநாளைக்குப் பெருநாள் தொலைபேசியில் கதைப்பார். "மிஸ்" எப்போது "புள்ள" ஆனது என்று எனக்கு நினைவில்லை. பஸ்சில் வருகிறவர்களிடம் வாழைப்பழம் கொடுத்து அனுப்புவார். கண்டிக்கு வந்து சேரும் பழத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்காது.

போன வருடம் அழைத்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று, வீடு எழும்புகிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்க என்றார். போனேன். வீடு நல்ல பெரிது. கூரை போட்டாயிற்று, சுவர் இன்னும் பூசவில்லை. எல்லாம் சாம்பல் கல்.

"மாப்பிள ஊட்டார் ஒண்டும் செல்லல்லயா?"

"செல்லாமலா? சாம்பலுல ஊடா எண்டு கேட்டாங்க. நீங்க எழுதின தாளக் காட்டினன். அவங்க பரவாயில்ல. ஊருச் சனம்தான் வேற மாதிரிக் கதைச்சிது. வாடிக்காரி நல்ல கல்லயெல்லாம் மகளுக்குப் பொறுக்கி வெச்சிட்டு நமக்குக் கழிவத் தாறா எண்டு."

ராத்தாவைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ. அவர் அதற்குச் சண்டைக்குப் போகவில்லை. மகளின் வீட்டுக்குக் கல் எடுத்த நாட்களில் வாங்க வந்தவர்களையும் கூப்பிட்டு வாடிக்குள் நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் பார்த்திருக்கத் தகரத்துக்கு முகம் கொடுத்து நின்றிருக்கிறார். வீரமுனை அண்ணன் கையை வைத்துக் கேட்பார். மகளுக்கு அல்லது ஆக்களுக்கு, இரண்டே பதில். அதன்பிறகு ஊரில் அந்தக் கதை இல்லை என்றார்.

முன்வாசல் நிலைக்குப் பக்கத்தில், ஆள் நெஞ்சு உயரத்தில், மூலை உடைந்த கல் ஒன்று இருந்தது. என் கண்ணுக்கே தெரிந்தது என்றால் பாருங்கள்.

"வாசல்லயே இதை வெச்சிரிக்கீங்களே ராத்தா."

அவர் அந்த மூலையைத் தடவினார். "அண்டைக்கு அண்ணன் இதுல கைய வெச்சி இது ஆருக்கு எண்டு கேட்டார். பொறகு மறுகாவும் கேட்டார். நல்ல கல்லுக்கு அவர் ஒருக்காத்தான் கேப்பார் புள்ள. குரலும் இறங்கிப் போகும். எனக்கு வெளங்கிட்டு."

"வெளங்கியும்?"

"மகளுக்கு எண்டன்."

எனக்குள்ளே இருந்த விரிவுரையாளர் விழித்துக்கொண்டாள். "அப்ப அதுவும் தெரிஞ்செடுத்ததுதானே ராத்தா! முதுகைக் காட்டியும் கள்ளம் செய்திரிக்கீங்க." சொல்லி முடிக்கும்போதே என் அறிக்கை நினைவுக்கு வந்தது. "அப்ப எங்கட பத்துக் கல்லு?"

ராத்தா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் முன்னர் பார்த்ததில்லை. "பயப்படாதீங்க. அண்டைக்குக் கேட்ட ஆள் நீங்கதானே. உங்களுக்குக் கல்லு தெரியாது. நல்ல கல்லுக்கும் கூடாத கல்லுக்கும் உங்கட குரல் ஒண்டுதான்."

அறிக்கையில் எழுதாமல் விட்ட முக்கியமான நிபந்தனை அது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மகள் தேநீர் கொண்டுவந்தாள். சில்லுப் பெயர்ந்த கோப்பை ராத்தாவின் பக்கம் இருந்தது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கூடாத கல்லு எண்டு தெரிஞ்சிட்டு. ஒரே மகள். ஆக்களுக்கு எண்டு சொல்லியிரிக்கலாமே ராத்தா. ஆருக்குத் தெரியும்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பின்ன, ஊராண்ட குமருக்கா குடுக்கச் செல்லுறீங்க?"